திருவிழாக் காலத்தில் ஒரு மேளக்காரரின் நாள்: வாசிக்கும் நேரமும் காத்திருக்கும் நேரமும்

கல்லடித் தவில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தவில் வாசிப்பவன். இருபத்தாறு வருடங்களாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கோயில்களுக்குப் போய் வருகிறேன். ஆனி பிறந்தால் ஆவணி முடியும் வரை எங்கள் வீட்டு நாட்காட்டியில் வெறுமையான கட்டம் இருக்காது. ஆடி அமாவாசையன்று மாமாங்கத்திலும் தீர்த்தம், திருக்கோவிலிலும் தீர்த்தம் என்பதால் அதற்கு முந்திய பத்து நாட்களும் இரண்டு பக்கமும் மேளத்துக்கு ஆள் தேடுவார்கள். அது முடிய மண்டூர், சித்தாண்டி, கொக்கட்டிச்சோலை என்று வரிசையாக வரும். எங்கள் தொழிலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வாசிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த நாள் எப்படிக் கழிகிறது என்று எவரும் எழுதி நான் காணவில்லை. ஆகையால் கடந்த ஆடியில் ஒரு நாளை நடந்தபடியே இங்கு எழுதுகிறேன். கோயில் எதுவென்று சொல்லப் போவதில்லை. அக்கரைப்பற்றுக்கு அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு எழும்பினேன். முதல் வேலை விரற்கூடுகளை எண்ணுவது. அவற்றை ஒரு பழைய பால்மா டின்னில் வைத்திருக்கிறேன். துணி நாடாவைப் பசையில் தோய்த்து விரலளவுக்குச் சுற்றிக் காயவைத்து நாங்களே செய்துகொள்ளும் கூடுகள் அவை. ஒரு கூடு விரலோடு ஒட்டிப் பழக நாட்கள் செல்லும். அது தொலைந்தால் பக்கத்தில் நிற்கும் தவில்காரரிடம் இரவல் கேட்க முடியாது. அவருடைய விரல் வேறு, என்னுடைய விரல் வேறு. பிறகு பூவரசங்கழியை எடுத்து உறையில் வைத்தேன். தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையைச் சுண்டிப் பார்த்தேன். ஆடி மாதத்து வறண்ட கச்சான் காற்றில் தோல் இரவிலேயே இறுகிப் போயிருந்தது. மாரியில் இதற்கு நேர்மாறாகத் தோல் தொய்ந்து கிடக்கும். அப்போது திருகு முடுக்கி முடுக்கியே கை ஓய்ந்துவிடும்.

நான்கு மணிக்கு வான் புறப்பட்டது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போடும் பையன், சாரதி என ஆறு பேர். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி கடந்து கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது வாவியின் காற்று யன்னலால் வந்தது. நிந்தவூரில் தேநீருக்கு இறங்கினோம். சுபஹுத் தொழுகை முடிந்து வந்தவர்களோடு ஒரே மேசையில் இருந்து குடித்தோம். அந்தக் கடைக்காரர் எங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, இன்றைக்கு எந்தக் கோயில் என்று வருடந்தோறும் கேட்பார். பெயரைச் சொன்னால் அங்கே எத்தனையாம் திருவிழா என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

ஆறு மணிக்குக் கோயிலை அடைந்தோம். ஆறரை முதல் எட்டு வரை அபிஷேகத்துக்கும் காலைப் பூசைக்கும் வாசித்தோம். அதன்பின் மதியப் பூசைக்கு முக்கால் மணி நேரம். அடுத்த வேலை மாலை ஐந்து மணிக்கு வசந்த மண்டபப் பூசை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. அது வரைக்கும் நாங்கள் எங்கே இருப்பது என்பதை அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரரும் யோசிக்கவில்லை, கோயில் சபையும் யோசிக்கவில்லை. வெளிவீதியில் ஒரு வேம்பின் கீழ்ப் பாய் விரித்தோம். வெயிலில் வைத்தால் தவில் தோல் வெடித்துவிடும் என்பதால் நிழல் நகர நகரத் தவிலையும் நகர்த்தினேன். அந்தப் பிற்பகலில் அப்படி ஒன்பது தடவை நகர்த்தினேன், எண்ணிக்கொண்டிருந்தேன். தவிலை விட்டுவிட்டு உறங்க முடியாது. திருவிழாவுக்கு வரும் சிறுவர்கள் ஆசையோடு தட்டிப் பார்ப்பார்கள், அது அவர்களின் குற்றமும் அல்ல.

ஐந்து மணிக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு வசந்த மண்டபத்தின் முன் நின்றோம். உபயகாரரின் உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து வழியில் நிற்கிறார்கள் என்றார்கள். பூமாலை வந்து சேரவில்லை என்றார்கள். மின்பிறப்பாக்கி இயங்கவில்லை என்றார்கள். எட்டு மணி நாற்பதுக்குப் பூசை தொடங்கியது. சுவாமி எழுந்தருளக் கம்பீரநாட்டையில் மல்லாரி எடுத்தோம். மூன்றாம் கால வேகத்துக்குப் போனபோது சுவாமியைத் தூக்கும் கொம்பில் தோள் கொடுத்திருந்த இளைஞர்கள் எங்கள் அடிக்கு ஏற்பச் சுவாமியை ஆட்டத் தொடங்கினார்கள். அந்த நேரத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் நிற்கிறேன். தெற்கு வீதியில் சுவாமியை நிறுத்தி எங்களைத் தனியாக வாசிக்கவிட்டு ஒரு சமா வைத்தார்கள். பதினொன்றரைக்குச் சுவாமி இருப்பிடம் போய்ச் சேர்ந்தது.

பணம் தருபவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மணி வரை காத்திருந்தோம். பேசிய தொகையில் பாதி கிடைத்தது. மீதி பிறகு என்றார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் மூன்று மணி.

மொத்தம் இருபத்துநான்கு மணி நேரம். கையில் கழியோடு நின்றது ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பயணம் நான்கு மணி நேரம். மற்றதெல்லாம் காத்திருப்பு. ஒரு மேளக்காரனைத் தேய்ப்பது வாசிப்பும் அல்ல, பயணமும் அல்ல, இந்தக் காத்திருப்பே என்பது என் அனுபவம். வெற்றிலை வைத்து அழைக்கும்போதே நேரமும் இடமும் பேசிக்கொள்ளும் வழக்கத்தை எப்படிக் கொண்டுவரலாம்? மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

படுவான்கரை வண்ணக்கர்

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் ஒரு கோயிலில் வண்ணக்கராக, அதாவது நிர்வாகப் பொறுப்பாளராக, இருப்பவன் என்பதால், எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதிக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடிக்கோ (தாய்வழி வம்சத்துக்கோ) ஓர் ஊருக்கோ உரியது. அன்றைய நாள் அவர்களுடைய நாள். பூசை நேரத்தைச் சபை அச்சடிக்கும். ஆனால் அந்தக் குடியின் மூத்தவர் வந்து சேராமல் பூசையைத் தொடங்கினால், அது மரியாதைக் குறைவாகி, அடுத்த வருடக் கூட்டம் வரை அந்தப் பேச்சு நிற்கும். குருக்களும் காத்திருப்பார், நாங்களும் காத்திருப்போம். ஆனால் குருக்களுக்கு மடைப்பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது, எனக்கு என் வீடு இருக்கிறது. மேளக்காரருக்கு வேப்பமரம்தான் என்பதை நீங்கள் எழுதிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அது எங்கள் தவறு, மறைப்பதற்கில்லை.

ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் ஒரே குழு ஒரே நாளில் இரண்டு கோயில்களுக்கு வெற்றிலை வாங்குகிறது. காலையில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வாசித்துவிட்டு மாலையில் மேற்கே படுவான்கரைக்கு வருவதாகச் சொல்வார்கள். முன்பு மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதை (மிதவைப் படகு) ஓடிய காலத்தில், பாதை அக்கரையில் நிற்கிறது என்று காரணம் சொன்னார்கள், நாங்களும் ஏற்றுக்கொண்டோம். 2014இல் பாலம் திறந்த பிறகும் சிலர் ஒன்றரை மணி நேரம் பிந்தி வருகிறார்கள். சுவாமி மண்டபத்தில் இருக்க, மேளம் இல்லாமல் சனங்கள் நிற்பதும் காத்திருப்புத்தானே?

சீவாளி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கோயில்களுக்கு நாதஸ்வரம் வாசிக்க வருபவன். வவுனியா, ஹபறணை, பொலன்னறுவை வழியாக இரவு முழுவதும் வர வேண்டும். வெலிக்கந்தைப் பக்கம் யானை வீதியில் நின்றால் அது போகும் வரை வாகனம் நிற்கும். அதைப் பற்றி நான் குறைப்படவில்லை. யானையோடு நேரம் பேச முடியாது.

கல்லடி அண்ணர் தவில் தோலைப் பற்றிச் சொன்னார். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் பாடு இன்னும் மெல்லியது. காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளிகளைத் தமிழ்நாட்டிலிருந்து தருவிக்கிறோம். ஒரு கட்டில் உள்ள எல்லாம் பேசுவதில்லை. சில நன்றாகப் பேசும், சில எவ்வளவு பதப்படுத்தினாலும் திக்கும். வாசிக்க முன் அதை வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்து, இதழ்களை விரலால் நீவி, ஊசியால் துளையைச் சரிசெய்து ஒரு நிலைக்குக் கொண்டுவருவோம். அந்த நிலை சிறிது நேரத்துக்குத்தான் நிற்கும். ஐந்து மணிக்குப் பூசை என்றால் நாலே முக்காலுக்கு ஊறவைக்கிறேன். பூசை எட்டரைக்குத் தொடங்கினால் அது நாலைந்து தடவை காய்ந்து, நாலைந்து தடவை ஊறி, வாசிக்கும் நேரத்தில் இதழ் விரிந்துவிடும். திருக்கோவில் போலக் கடலை ஒட்டிய கோயில்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மேல் ஸ்தாயியில் சுருதி அரை நூல் விலகியதைக் கேட்டு முன்வரிசைப் பெரியவர் முகத்தைச் சுளிப்பார். அது என் பயிற்சியின் குறை என்று அவர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். மூன்று மணி நேரத் தாமதம் என் பெயரில் விழுகிறது. எனக்கு இதுதான் மிகவும் நோகிறது.

சாப்பாடும் அப்படியே. வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது. ஆகவே வாசிக்க முன் உண்பதில்லை. ஐந்து மணிப் பூசையை நம்பி மதியம் குறைவாகச் சாப்பிட்டவர், இரவு பதினொன்றரை வரை தேநீரோடு நிற்கிறார்.

கல்முனை மேடைப் பாடகி

நான் மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். திருவிழாவின் கடைசி நாட்களில் இரவு நிகழ்ச்சிக்கு எங்களை அழைப்பார்கள். ஒலிபெருக்கி, கீபோர்ட், ட்ரம் எல்லாம் லொறியில் மத்தியானமே போய்விடும். பாடுபவர்கள் வானில் மாலையில் போவோம். பத்து மணிக்கு நிகழ்ச்சி என்று சுவரொட்டி சொல்லும். சுவாமி வீதி சுற்றி முடியாமல் மேடையில் ஒலி எழுப்பக் கூடாது என்பது நியாயமான வழக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அண்ணன் சொன்ன அந்த எட்டு மணி நாற்பது, எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிறது.

ஆண்கள் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். பல இடங்களில் பெண்களுக்கு உடுப்பு மாற்ற மறைவான இடம் இல்லை. மலசலகூடம் இருந்தாலும் பூட்டியிருக்கும், திறப்பு யாரிடம் என்று தெரியாது. அதனால் நான் பிற்பகலிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறேன். தொண்டைக்குத் தண்ணீர் எவ்வளவு தேவை என்று எனக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் இதைக் கேட்டால் வருந்துவார். குரல்நாண்கள் ஈரமாக இருந்தால்தான் மேலே ஏறும். வறண்ட தொண்டையோடு நள்ளிரவில் நான்கு பாட்டுப் பாடினால் அடுத்த இரண்டு நாட்கள் பேச முடியாது. என்னோடு அம்மா வருவார். அவர் வானுக்குள்ளேயே இருப்பார், அவருக்கும் இதே நிலை.

பாண்டிருப்புக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் மட்டும், மேடைக்கு எதிரே இருந்த வீட்டு அக்கா எங்களைக் கண்டவுடன் உள்ளே கூப்பிட்டு, கிணற்றடியைக் காட்டி, அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டார். சபை சொல்லி அவர் செய்யவில்லை. அன்று நான் ஒரு போத்தல் தண்ணீர் முழுவதும் குடித்தேன். அன்று பாடியதைப் போல அந்த வருடம் வேறெங்கும் பாடவில்லை.

ஆரையம்பதி வான்

சாரதியின் பக்கமும் இருக்கட்டும். கலைஞர்கள் திரும்பும் வழியில் உறங்கலாம், நான் உறங்கக் கூடாது. அந்த வீதியில் இரவு ஒரு மணிக்குப் பிறகு மாடுகள் தார்ச் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடு வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். கடந்த வருடம் களுதாவளையில் கண் இருண்டு வந்ததால் வானை ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உறங்கிய பிறகுதான் எடுத்தேன். உள்ளே இருந்த எவரும் ஏன் என்று கேட்கவில்லை. 2022இல் எரிபொருள் அட்டைக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில், மேளக்காரரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஏற்றப் போவதற்கு எண்ணெய் இல்லை. அப்போது தொடங்கிய முழுநாள் காத்திருப்பு இப்போதும் தொடர்கிறது. சபைகள் ஒருவருக்குப் பாய் போட்டால் அது முதலில் சாரதிக்கு.

பழைய தவில்காரர்

கைநடுக்கம் வந்து வாசிப்பதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. இந்த இழையைப் பேரன் வாசித்துக் காட்டினான். நான் சொல்வதை அவன் எழுதுகிறான்.

யுத்த காலத்தில் கல்லடியிலிருந்து திருக்கோவிலுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல் போவதற்கு ஒரு பகல் முழுவதும் செலவானது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தவிலை இறக்கி உறையைக் கழற்றிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை, காற்றுத்தான் என்போம். சந்தேகம் தீராமல் வாசித்துக் காட்டச் சொன்ன இடங்கள் உண்டு. நடுவீதியில், வெயிலில், கூடு போடாத விரலால் வாசித்திருக்கிறேன். ஊரடங்குக்கு முன் திரும்ப முடியாது என்பதால் திருவிழா முடியும் வரை கோயிலூரிலேயே தங்கினோம்.

ஆனால் அந்தத் தங்கலில் ஒரு நன்மை இருந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் பத்து நாள் ஒரு வீட்டில் இருந்தோம். திண்ணை எங்களுக்கு, கிணறு எங்களுக்கு. வீட்டுக்காரி தன் பிள்ளைகளுக்குப் பிட்டு அவித்தால் எங்களுக்கும் அவிப்பாள். இரவில் அவளுடைய மூத்தவனுக்குத் தாளச் சொற்களான தத்தகாரம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது வீதி நன்றாகிவிட்டது, வான் இருக்கிறது, எல்லோரும் அன்றே வந்து அன்றே போகிறார்கள். ஆகவே தங்குமிடம் கொடுக்கும் வழக்கம் விட்டுப்போயிற்று. நாள் மட்டும் நீண்டபடியே இருக்கிறது. மேளக்காரருக்கு இடம் கொடுக்கத் தெரியாத ஊர்கள் அல்ல இவை. இருபது வருடத்துக்கு முன் கொடுத்தவர்கள்தான்.

கல்லடித் தவில்

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதிய திண்ணையும் பிட்டும் என் குருநாதர் சொல்லிக் கேட்டவை.

வண்ணக்கர் ஐயா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், இரண்டு வெற்றிலை வாங்கியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் காலையில் ஏறாவூர்ப் பக்கமும் மாலையில் படுவான்கரையுமாக ஒத்துக்கொண்டு, காலைக் கோயிலில் தாமதமாகி, மாலைக் கோயிலுக்கு எழுபது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். சுவாமி மண்டபத்தில் இருந்தது. எவரும் என்னைத் திட்டவில்லை, பேசாமல் வழிவிட்டார்கள். அந்த மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு ஒரு நாளுக்கு ஒரு கோயில்தான். வருமானம் குறைந்தது உண்மை. பேசிய பணம் அன்றே முழுமையாகக் கிடைக்கும் என்றால் மற்றக் குழுக்களும் இரண்டு வெற்றிலை வாங்கத் தேவையில்லை. பாதிப் பணம் பிறகு என்னும் கோயில்கள்தான் எங்களை இரண்டாவது கோயிலுக்கு ஓடவைக்கின்றன என்பதையும் ஐயா சபையில் சொல்ல வேண்டும்.

குடியின் மூத்தவர் வராமல் பூசை தொடங்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த மரியாதையை உடைக்கச் சொல்லவில்லை. பூசை பிந்தும் என்று தெரிந்தவுடன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டரை ஆகும் என்று ஐந்து மணிக்கே சொல்லியிருந்தால் அந்தத் தம்பி சீவாளியை உலரவிட்டு ஒரு பிடி சோறு சாப்பிட்டிருப்பார். நான் தவிலைத் திருகு தளர்த்திப் படுக்க வைத்திருப்பேன். எட்டு மணிக்கு முடுக்கினால் போதுமே.

தங்கை எழுதியது பற்றி எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரே கோயிலில், ஒரே இரவில் எத்தனையோ முறை அவர்களுடைய வானுக்குப் பக்கத்தில் எங்கள் வான் நின்றிருக்கிறது. எங்களுக்கு மரத்தடி போதுமாக இருந்தது, அவர்களுக்குப் போதாது என்பது எனக்குத் தோன்றவில்லை. இனி வெற்றிலை வாங்கும்போது, பெண் கலைஞர்கள் வருகிறார்களா, அவர்களுக்கான அறைத் திறப்பு யாரிடம் இருக்கும் என்று நானும் கேட்பேன்.

படுவான்கரை வண்ணக்கர்

நேற்று மாலை சபைக் கூட்டத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். இருவர் எதிர்த்தார்கள், மேளக்காரருக்கு அறை கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். கேட்கட்டும் என்று எங்கள் செயலாளர் சொன்னார்.

சுவாமி வாகனங்கள் வைக்கும் வாகனசாலைக்குப் பின்னால் பழைய களஞ்சிய அறை ஒன்று இருக்கிறது. அதை வெறுமையாக்கி, மின்விசிறி பூட்டி, ஆறு பாய் வாங்கி வைக்கத் தீர்மானித்தோம். அதன் பக்கத்து மலசலகூடத்தின் திறப்பு திருவிழா நாட்களில் மடைப்பள்ளி அம்மாவிடம் இருக்கும். பெண்கள் நேராக அவரிடம் கேட்கலாம். பூசை பிந்தினால் மேளத்துக்கும் சொல்லும் பொறுப்பை ஓர் இளைஞரிடம் கொடுத்திருக்கிறோம். பணம் பற்றிய பேச்சு முடியவில்லை. உபயகாரர்கள் முற்கூட்டியே சபையிடம் கட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். விடமாட்டேன்.

அறை பற்றி வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா தம்பி?

கல்லடித் தவில்

மிகவும் நன்றி ஐயா. ஒன்றே ஒன்று. களஞ்சிய அறை என்றால் நெல் வைத்த இடமாக இருக்கும், எலி வந்து பழகியிருக்கும். தவிலின் தோலையும் கூட்டின் பசையையும் எலி விடாது. சுவரில் தோளுயரத்துக்கு நான்கு வலிய ஆணிகள் அடித்துவிடுங்கள்; தவிலை வாரோடு மாட்டிக்கொள்வோம். பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் இருக்கும், ஆணி மரச் சட்டத்தில் இறங்க வேண்டும்.